தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் ஒரு தியான அறை

சென்ற ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த என் தம்பி மகள், வழிபாடும் உணவும் முடிந்தபின் என்னருகே அமர்ந்து ஒரு கேள்வி கேட்டாள். அவள் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் பணிபுரிபவள்.

"பெரியப்பா, எங்கள் அலுவலகத்தில் புதன்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு மூச்சுப் பயிற்சி நடத்துகிறார்கள். கண்ணை மூடி அமர்ந்தால் மனத்துக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு மணி நேர வேலையை இரவில் இருந்து முடித்துக் கொடுக்க வேண்டும். இந்தப் பயிற்சி எனக்காகவா, நிறுவனத்துக்காகவா?"

உடனே விடை கூற இயலவில்லை. என் பணிக்காலத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரு நண்பகலில் மார்பு படபடத்து, எழுத்துகள் கண்ணுக்கு மங்கின. பக்கத்து மேசையில் இருந்த மூத்த ஆசிரியர், "பேனாவை வைத்துவிட்டுப் பத்து மூச்சு எண்ணுங்கள் ஐயா" என்றார். எண்ணினேன். படபடப்புத் தணிந்தது. ஆனால் கண்ணைத் திறந்தபோது, மேசைமேல் இருந்த விடைத்தாள் கட்டு அப்படியே இருந்தது. மாலைக்குள் அதை முடிக்க வேண்டும் என்ற விதியும் அப்படியே இருந்தது.

மூச்சு மனிதனைத் தணிக்கிறது என்பதும், அது வேலைச்சுமையைத் தணிப்பதில்லை என்பதும் ஆகிய இரண்டும் உண்மைகளே. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள உறவை அறிய, மூச்சைக் கவனிக்கும் பயிற்சி அலுவலகத்துக்குள் நுழைந்த வரலாற்றைப் படித்தேன். அதைப் படித்தபின்னரே அவளுக்கு விடை எழுத முடிந்தது. அவ்வரலாற்றை இம்மலரின் வாசகர்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மூச்சால் அளந்த காலம்

மூச்சை எண்ணுதல் நமக்குப் புதியதன்று. பௌத்த மரபு அதனை ஆனாபானசதி என்றது. பதஞ்சலியின் யோக மரபு பிராணாயாமம் என்றது. சமண மரபிலோ மூச்சு, காலத்தை அளக்கும் கருவியாகவே விளங்கியது. காயோத்சர்க்கம் என்ற சொல்லுக்கு உடலின்மீதுள்ள பற்றை விடுதல் என்பது பொருள். நின்றோ அமர்ந்தோ உடலை அசைவின்றி நிறுத்தி, எத்தனை மூச்சுகள் அந்நிலையில் இருக்கவேண்டும் என்று நூல்கள் வரையறுத்தன. பகலில் செய்த குற்றங்களுக்கான பிரதிக்கிரமணத்தில் 108 மூச்சுகள், இரவுக்கு அதில் பாதியாகிய 54, பக்கத்துக்கு ஒருமுறை செய்வதில் 300 என்று மூலாசாரம் கணக்கிடுகிறது. பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஒன்பது முறை, முறைக்கு மூன்று மூச்சாக, 27 மூச்சுகளில் ஓதும் வழக்கத்தை நம் இல்லங்களில் பலரும் அறிவர்.

இங்கு எண்ணிப் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. இந்த மூச்சுக் கணக்கு தனியே நிற்கவில்லை. பிரதிக்கிரமணம் என்பது, தான் செய்த பிழைகளைத் திரும்பிப் பார்த்து அவற்றினின்றும் மீள்வது. பகல் முழுவதும் யாரிடம் கடுமையாகப் பேசினோம், யாருக்குத் தீங்கு இழைத்தோம் என்று ஆராய்ந்து வருந்தும் செயலின் ஓர் உறுப்பாகவே மூச்சு அமைந்தது. மனம் அமைதியடைவது அதன் பயன்களுள் ஒன்று. நடத்தை திருந்துவதே அதன் நோக்கம்.

சிரவணபெளகொளாவில் ஏறத்தாழ 57 அடி உயரத்தில் நிற்கும் பாகுபலியின் திருவுருவம் காயோத்சர்க்க நிலையிலேயே உள்ளது. கொடிகள் காலில் படர, ஓராண்டுக் காலம் அசையாது நின்றும், மனத்தில் ஒரு சிறு உறுத்தல் எஞ்சியிருந்தமையால் அவருக்கு முழுஞானம் கிட்டவில்லை என்றும், அவ்வுறுத்தல் நீங்கிய கணத்தில்தான் கிட்டியது என்றும் மரபு கூறுகிறது. உடல் எவ்வளவு அமைதியாக நின்றாலும், முள் உள்ளே இருக்கும்வரை பணி முடிவதில்லை என்பதை இக்கதை உணர்த்துகிறது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு, அலுவலகத்தின் கதைக்கு வருவோம்.

ரங்கூனில் ஓர் எழுத்தர்

மூச்சைக் கவனிக்கும் பயிற்சி அரசு அலுவலகம் ஒன்றின் அன்றாட வாழ்வோடு இணைந்ததற்குத் தெளிவான பழைய சான்று, அமெரிக்கப் பெருநிறுவனம் எதிலும் இல்லை, ரங்கூனில் உள்ளது. 1937வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூன் நகர மக்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்; அவர்களுள் தமிழரும் மிகப் பலர். அங்கிருந்த தலைமைக் கணக்காயர் அலுவலகம், சென்னையில் நாம் "ஏ.ஜி. ஆபீஸ்" என்று வழங்குகிறோமே, அத்தகையதே. உயர்பதவிகளில் பிரிட்டிஷாரும் இந்தியருமே மிகுதியாக இருந்த அவ்வலுவலகத்தில், கணக்கு எழுத்தராகச் சேர்ந்தார் பர்மிய இளைஞர் ஒருவர். அவர் பெயர் ஊ பா கின். 1899இல் பிறந்தவர், பள்ளியில் முதன்மையாகத் தேறியும் குடும்ப நிலை காரணமாகக் கல்லூரிக்குச் செல்ல இயலாதவர். 1926இல் கணக்குப் பணித் தேர்வில் வெற்றி பெற்றுப் படிப்படியாக உயர்ந்தார்.

1937ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், அன்பர் ஒருவர் அவருக்கு மூச்சைக் கவனிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். மூக்கு நுனியில் மூச்சு வந்து செல்வதை அறிந்துகொண்டிருத்தல், அவ்வளவே. முதல் முயற்சியிலேயே மனம் குவிவதை உணர்ந்த ஊ பா கின், ஒரு வாரத்துக்குள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ரங்கூன் ஆற்றுக்கு அப்பால், வயல்கள் சூழ்ந்த பியாபுவேஜி என்ற சிற்றூருக்குச் சென்றார். அங்கே கற்பித்தவர் சயா தெட்ஜி என்ற உழவர், துறவியல்லர். திடீரென விடுப்பில் சென்றதற்காக வேலையே போய்விடும் என்று அஞ்சியபடி திரும்பியவரின் மேசைமேல் இருந்தது பதவி உயர்வு ஆணை என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் காண்கிறோம்.

1941இல் அவர் ரயில்வேயின் கணக்கு அலுவலராக இருந்தார். நிலையங்களின் கணக்கைத் தணிக்கை செய்ய, அலுவலக வசதிகள் கொண்ட தனிப்பெட்டி ஒன்றில் பயணம் செய்வார். ஒருமுறை மாந்தளை வழியில் உள்ள சௌக்ஸே நிலையத்தில், அப்பெட்டி தவறுதலாக வண்டியிலிருந்து கழற்றப்பட்டது. அங்கும் தணிக்கை வேலை இருந்தமையால் அவர் தங்கினார். அருகில் இருந்த குன்றின்மேல் வாழ்ந்த வெபு சயாடோ என்ற துறவியைக் காணச் சென்றார். "நீ அறிந்ததைப் பிறருக்குக் கற்பிக்க வேண்டும்" என்பதே அத்துறவியின் அறிவுரை. அன்று அந்த ரயில் பெட்டியிலேயே அவரிடம் முதலில் கற்றவர் அந்நிலையத்தின் அலுவலர் ஒருவர் என்பர். தணிக்கைக்கு வந்தவரும் தணிக்கைக்கு உட்பட்டவரும் ஒன்றாகக் கண்மூடி அமர்ந்த காட்சியை எண்ணிப் பார்க்க நெஞ்சு நெகிழ்கிறது.

அலுவலகத்துக்குள் தியான அறை

1942இல் ஜப்பானியப் படையெடுப்பு. இந்தியர் பெருந்திரளாகப் பர்மாவை விட்டு வெளியேறினர். கால்நடையாகவே வந்தோரும், வழியில் மாண்டோரும் எண்ணற்றோர். போரால் சிதைந்து, பழகிய கைகளை இழந்து நின்ற நிருவாகமே 1948 சனவரி 4ஆம் நாள் விடுதலை பெற்ற பர்மாவுக்குக் கிடைத்தது. அந்நாட்டின் முதல் தலைமைக் கணக்காயராக ஊ பா கின் பொறுப்பேற்றார். பணிச்சுமை எத்தகையது என்பதற்கு ஒரு சான்று: ஒரு காலத்தில் மூன்று துறைகளுக்கும், பிறிதொரு காலத்தில் ஏறத்தாழ ஓராண்டு நான்கு துறைகளுக்கும் ஒரே நேரத்தில் தலைவராக இருந்தார்.

1950இல் அவர் தம் அலுவலகத்தில் விபாசனைச் சங்கம் ஒன்றை நிறுவினார். அலுவலக வளாகத்தில் ஓர் அறை தியானத்துக்கென ஒதுக்கப்பட்டது. பெரும்பாலும் அவ்வலுவலகத்தில் பணிபுரிந்தோரே அங்குக் கற்றனர். 1952இல் ரங்கூனில் பன்னாட்டுத் தியான மையமும் உருவாயிற்று. பகலில் கோப்புகள், காலையும் மாலையும் தியானம் என அவர் வாழ்ந்தார். 1967இல்தான் அரசுப் பணியினின்றும் முழுமையாக விடுபட்டார். 1971 சனவரியில் மறைந்தார்.

ஊ பா கின் வகுத்த முறையில் ஒரு வரிசை இருந்தது. முதலில் ஒழுக்கம், பின் மன ஒருமை, அதன்பின் மெய்யறிவு. பொய்யாமை, திருடாமை உள்ளிட்ட ஐந்து ஒழுக்கங்களை ஏற்றுக்கொண்ட பின்னரே மூச்சைக் கவனிக்கும் பயிற்சி தொடங்கும். அரசுக் கணக்கு அலுவலகத்தில் திருடாமை என்பது வெறும் அறவுரையாக நிற்க முடியாது. அது கையூட்டு வாங்காமை. பொய்ப் பட்டியலில் கையொப்பம் இடாமை. ஏழை ஒருவரின் ஓய்வூதியக் கோப்பை அடியில் அழுத்தி வைக்காமை. மனச்சுமையின் ஒரு பெரும்பகுதி, மறைக்கவேண்டியவை இருப்பதனால் வருவது. மறைக்க ஒன்றுமில்லாத எழுத்தருக்கு அச்சுமை இல்லை.

1950களில் ஊழல் மலிந்திருந்த அரசு வேளாண் விற்பனை வாரியத்தைச் சீர்திருத்தும் பொறுப்பும் அவரிடம் வந்தது. அவர் வருவதை விரும்பாத உயர் அலுவலர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர் சினமும் கொள்ளவில்லை, கெஞ்சவும் இல்லை. எழுத்தர்களையும் கடைநிலை ஊழியர்களையும் வைத்துக்கொண்டு அன்றாட வேலையை நடத்தினார். இறுதியில் அலுவலர்கள் தாமே திரும்பினர் என்று அவருடைய மாணவர்கள் எழுதியுள்ளனர். அமைதி என்பது பணிந்துபோதலன்று என்பதற்கு இதனினும் நல்ல விளக்கம் வேண்டுமோ?

ஆக, அந்தத் தியான அறையில் மூன்று கூறுகள் சேர்ந்திருந்தன. தலைவரே முதலில் அமர்ந்தார். ஒழுக்கமும் பயிற்சியும் பிரிக்கப்படவில்லை. அலுவலகத்தின் சீர்கேட்டைத் திருத்தும் பணியும் உடன் நடந்தது.

கடல் கடந்த பயிற்சி

1955இல் ஊ பா கினிடம் வந்தார் எஸ்.என். கோயங்கா. மாந்தளையில் 1924இல் பிறந்த மார்வாடி வணிகர். இளவயதிலேயே தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். அவரை வருத்தியது ஒற்றைத் தலைவலி. வலி தாங்காமல் மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் நிலை. வெளிநாட்டு மருத்துவரிடம் சென்றும் பயனில்லை. தலைவலி தீரவே வந்தேன் என்று அவர் கூறியபோது, அதற்காக மட்டுமெனில் வரவேண்டாம் என்று ஊ பா கின் மறுத்துவிட்டார். நோய் நீங்குதல் உடன்வரும் பயனேயன்றி நோக்கமன்று என்பதை அவர் உணர்ந்த பின்னரே சேர்த்துக்கொண்டார். 1969இல் கோயங்கா இந்தியாவுக்கு வந்து, அவ்வாண்டு சூலையில் பம்பாயில் முதல் பத்து நாள் பயிற்சியை நடத்தினார். 1975இல் செய்ப்பூர் மத்தியச் சிறையில் ஒரு பயிற்சி நடைபெற்றது. இராசத்தான் உள்துறைச் செயலர் தாமே முன்னர்ப் பயின்று பயன் உணர்ந்தமையால் அது இயன்றது. அதே 1975இல், அதே செய்ப்பூரில், ஆசாரிய துளசியின் வழிகாட்டலில், பின்னாளில் ஆசாரியராகிய மகாபிரக்ஞர் பிரேக்ஷா தியான முறைக்கு வடிவம் தந்தார். அம்முறையில் காயோத்சர்க்கமும், நீண்ட மூச்சைக் கவனித்தலும் முதன்மையான படிகள்.

மேற்கில் இன்று "மைண்ட்ஃபுல்னெஸ்" என்று வழங்கும் பயிற்சிக்கு 1979இல் வித்திட்டவர் ஜான் கபாட்-சின். மூலக்கூறு உயிரியல் கற்ற அவர், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நாட்பட்ட வலியால் துன்புற்றோருக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றை அமைத்தார். சென் பௌத்தம், ஹட யோகம், விபாசனை ஆகிய மூன்றின் கூறுகளும் அதில் உண்டு. தலைமுதல் கால்வரை உடலைக் கவனத்தால் வருடிச் செல்லும் படி, ஊ பா கின் மரபிலிருந்து தழுவிக்கொண்டது. மருத்துவமனையில் அனைத்துச் சமயத்தாரும் ஏற்கவேண்டும் என்பதற்காகச் சமயச் சொற்கள் நீக்கப்பட்டன. அது வேண்டிய செயலே. அதனால் பயன்பெற்ற நோயாளிகள் ஏராளம்.

அங்கிருந்து பயிற்சி பெருநிறுவனங்களுக்குச் சென்றது. 2007இல் கூகுள் நிறுவனத்தில், பொறியாளர் சேட்-மெங் டான் ஊழியர்களுக்கென ஒரு பயிற்சியைத் தொடங்கினார். பிற நிறுவனங்களும் பின்பற்றின. இப்பயணத்தில் சமயச் சொற்களோடு வேறு சிலவும் உதிர்ந்தன. ஒழுக்க விதிகள் முன்நிபந்தனையாக இல்லை. தலைவர் முதலில் அமரவேண்டும் என்பது இல்லை. மூச்சு மட்டும் ஊழியரின் கையில் தரப்பட்டது.

மூச்சு உடலில் செய்வது என்ன?

தரப்பட்டதன் பெருமையையும் குறைத்துக் கூறலாகாது. மன அழுத்தம் என்ற கருத்தை மருத்துவ உலகில் நிலைநிறுத்தியவர் ஹான்ஸ் செல்யே. 1936இல் அவர் வெளியிட்ட சிறு குறிப்பு, வெவ்வேறு தாக்குதல்களுக்கு உடல் ஒரே வகையாக எதிர்வினை புரிகிறது என்பதை எடுத்துக்காட்டியது. புலியைக் கண்டாலும், மேலதிகாரியின் சினந்த மின்னஞ்சலைக் கண்டாலும், அட்ரினலினும் கார்ட்டிசோலும் சுரக்கின்றன, இதயம் விரைகிறது, மூச்சு மேலோட்டமாகிறது. புலி போய்விடும். மின்னஞ்சல் நாள்தோறும் வரும்.

இதயத் துடிப்பை நாம் விரும்பியபடி குறைக்க முடியாது. மூச்சை நீட்ட முடியும். மூச்சை உள்ளிழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது. வெளிவிடும்போது வேகஸ் நரம்பின் செயலால் சற்று மெதுவாகிறது. ஆகவே வெளிமூச்சு நீளும்போது உடல் ஓய்வுநிலைக்குத் திரும்புகிறது. 2001இல் இத்தாலியைச் சேர்ந்த பெர்னார்டியும் குழுவினரும், கிறித்தவரின் செபமாலையை இலத்தீனில் ஓதுவோரையும், திபெத்திய மந்திரம் ஓதுவோரையும் ஆராய்ந்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. இதயமும் இரத்த அழுத்தமும் ஒத்திசைந்தன. ஓதும் மொழி எதுவாயினும் மூச்சு நீள்கிறது. பஞ்ச நமஸ்காரத்தை மூன்று நிதானமான மூச்சுகளில் ஓதிய நம் முன்னோரின் வழக்கம், இவ்வெளிச்சத்தில் மேலும் பொருள் பெறுகிறது.

யோக மூச்சைக் கருவிகொண்டு அளக்கும் முயற்சி நம் நாட்டிலேயே பழையது. 1924இல் லோணாவளாவில் சுவாமி குவலயானந்தர் நிறுவிய கைவல்யதாமம் அதற்கு முன்னோடி. பணியிடத்தில் நடந்த ஆய்வுகளுள் பெயர்பெற்றது 2003இல் வெளியானது. அமெரிக்காவின் மேடிசன் நகர உயிர்த்தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் ஊழியர் 25 பேருக்கு எட்டு வாரப் பயிற்சி தரப்பட்டது. 16 பேர் காத்திருப்போராக வைக்கப்பட்டனர். பயின்றோரிடம் மூளையின் இயக்கத்தில் மாற்றமும், தடுப்பூசிக்கு உடல் காட்டிய எதிர்ப்பாற்றலில் உயர்வும் காணப்பட்டன. சிறிய ஆய்வுதான், எனினும் பயிற்சி வெறும் கற்பனையன்று என்பதை அது காட்டியது.

முள் எங்கே இருக்கிறது?

கபாட்-சின் தம் மருத்துவமனைப் பயிற்சியைத் தொடங்கிய அதே 1979இல், ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க அறிஞர் வேறொரு திசையில் சென்றார். பணியழுத்தம் எங்கிருந்து பிறக்கிறது என்று அவர் கேட்டார். வேலை மிகுதி மட்டும் மனிதனை நோயாளியாக்குவதில்லை. வேலை மிகுந்திருந்தும், அதனை எப்படி, எப்போது செய்வது என்று முடிவுசெய்யும் உரிமை இல்லாதபோதே அழுத்தம் மிகக் கடுமையாகிறது என்பது அவர் கண்ட முடிபு.

இதற்கு வலுவான சான்று இலண்டனின் அரசு அலுவலகங்களிலிருந்து கிடைத்தது. 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, ஏறத்தாழ 18,000 ஆண் அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. பெரிய பொறுப்புகளைச் சுமக்கும் உயர் அலுவலரே முதலில் மாரடைப்பால் இறப்பர் என்று பலர் எண்ணியிருந்தனர். முடிவு நேர்மாறாக இருந்தது. மிகத் தாழ்ந்த நிலைப் பணியாளரின் இறப்பு வீதம், மிக உயர்ந்த நிலையில் இருந்தோரைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு. புகைபிடித்தல் முதலியன இவ்வேற்றுமையின் ஒரு பகுதியையே விளக்கின. மைக்கேல் மார்மட் தலைமையில் 1985இல் 10,308 பேரோடு தொடங்கிய இரண்டாம் ஆய்வு, தம் வேலையின்மீது தமக்குக் கட்டுப்பாடு இல்லாதோரிடையே இதயநோய் மிகுதி என்பதைக் காட்டியது.

அண்மைச் சான்றும் உண்டு. 2024இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்கள் அளித்த விடைகளை ஆராய்ந்தார். மனநலச் செயலிகள், மன உறுதிப் பயிற்சிகள் போன்ற தனிமனிதருக்கான திட்டங்களில் பங்கேற்றோர், பங்கேற்காத தம் உடன்பணியாளரைவிட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை.

2003ஆம் ஆண்டு ஆய்வும் 2024ஆம் ஆண்டு ஆய்வும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றலாம். முன்னது, ஊன்றிப் பயிலும்போது மூச்சு என்ன செய்யும் என்பதைக் கூறுகிறது. பின்னது, அலுவலகத்தின் ஏனைய நிலைகளை அப்படியே விட்டுவிட்டுத் திட்டங்களை மட்டும் வழங்கினால் என்ன நேர்கிறது என்பதைக் கூறுகிறது. பாகுபலி கதை இங்கு நினைவுக்கு வருகிறது. நின்ற நிலையில் குறையில்லை. முள் வேறிடத்தில் இருந்தது. அலுவலகங்களில் அந்த முள் பெரும்பாலும் ஊழியரின் மனத்தில் இல்லை. பணி வரையறையிலும், ஆள் பற்றாக்குறையிலும், இரவு பத்து மணிக்கு வரும் அழைப்பிலும் இருக்கிறது.

நம் நாட்டில், நம் கடைத்தெருவில்

நம் நடுவண் அரசின் ஆயுஷ் அமைச்சகம், அலுவலகத்தில் இருப்போருக்கென ஐந்து நிமிட "ஒய்-பிரேக்" பயிற்சியை வகுத்து, 2021 செப்டம்பரில் அதற்கொரு செயலியையும் வெளியிட்டது. நாற்காலியருகே நின்றபடி செய்யத்தக்க சில ஆசனங்கள், நாடிசோதனம், பிராமரி என்னும் மூச்சுப் பயிற்சிகள், சிறிது தியானம் ஆகியவை அதில் உள்ளன. எளிமையானது, நல்லது.

அதே 2021இல் தமிழ்நாட்டில் வேறொன்றும் நிகழ்ந்தது. 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. துணிக்கடை, நகைக்கடை உள்ளிட்ட கடைகளில் பணிபுரிவோர் அனைவருக்கும் இருக்கை அளிக்கவேண்டும் என்று அத்திருத்தம் கூறியது. கேரளம் 2018இலேயே இதனைச் செய்திருந்தது. நாள் முழுவதும் நின்றபடியே சேலை விரித்துக் காட்டும் பெண்களின் கால் வீக்கத்தையும் நரம்புச் சுருட்டலையும் கண்டு எழுந்த சட்டம் அது. தியானம் குறித்த கட்டுரையில் இதனை ஏன் கூறுகிறேன் என்று சிலர் எண்ணலாம். மூச்சைக் கவனிக்க முதலில் அமர வேண்டுமல்லவா? அமர இடமில்லாத ஒருவருக்கு ஆழ்ந்து மூச்சு விடுமாறு அறிவுரை கூறுதல் பொருந்துமா?

இம்மலரைப் படிப்போருள் கடை நடத்துவோர் பலர். தொழிற்கூடம் வைத்திருப்போர் உளர். அலுவலகங்களில் மேற்பொறுப்பில் இருப்போரும் உளர். அவர்களிடம் என் வேண்டுகோள் இதுவே. ஊழியருக்குப் பயிற்சி நடத்தும் எண்ணம் இருப்பின், முதலில் தாங்கள் ஒரு மாதம் நாள்தோறும் 27 மூச்சு அமர்ந்து பாருங்கள். அதற்குப் பெருநேரம் தேவையில்லை. அமர்ந்து எழும்போது, இன்று என் சொல்லாலும் என் ஆணையாலும் யாருடைய மூச்சு விரைந்தது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பிரதிக்கிரமணத்தின் கருத்தும் அதுதானே! அதன்பின் கடையில் இருக்கை போதுமா, உணவு நேரம் உண்மையாகவே கிடைக்கிறதா, பயிற்சி நேரம் பணி நேரத்தில் சேர்கிறதா என்று பாருங்கள். பயிற்சி வகுப்பு அதற்குப் பிறகு வரட்டும்.

பணிபுரிவோரிடமும் ஒரு சொல் உண்டு. நிறுவனம் திருந்தும்வரை மூச்சு காத்திருக்க வேண்டியதில்லை. கடினமான அழைப்புக்கு முன் ஐந்து நீண்ட மூச்சுகள். கணினியை அணைத்தபின் வீட்டுக்குள் நுழையுமுன் சில மணித்துளி அமைதி. இவை நம் கையில் உள்ளவை. ஆனால் தாங்க இயலாத சுமையைத் தாங்குவதற்கு மட்டும் அந்த அமைதியைப் பயன்படுத்த வேண்டாம். தெளிந்த மனத்தோடு, "இவ்வளவு இயலும், இவ்வளவு இயலாது" என்று மேலதிகாரியிடம் கூறவும் அது துணைசெய்யும். உறக்கமின்மையும் படபடப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைக் காண்பதே முறை. மூச்சுப் பயிற்சி மருத்துவத்துக்கு மாற்றாகாது.

தம்பி மகளுக்கு இவற்றையெல்லாம் சுருக்கி ஒரு மடல் எழுதினேன். பயிற்சி உனக்காகத்தான், விடாதே. ஆனால் அந்த ஒரு மணி நேரம் பணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும் என்று தோழியரோடு சேர்ந்து கேள். உங்கள் மேலாளரையும் வந்து அமருமாறு அழை என்பதே அதன் சாரம். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசினாள். கேட்டார்களாம். நேரக் கணக்கைப் பற்றி முடிவு இன்னும் வரவில்லையாம். ஆனால் சென்ற புதன்கிழமை மேலாளர் வந்து, கடைசி வரிசையில் அமர்ந்தாராம்.